உறை தெறித்த குடப்பால்: லூயி பாஸ்டர் வரலாறு

புறநானூற்றின் 276ஆம் பாட்டு மிகச் சிறியது. முதுமகள் ஒருத்தியின் மகன், தனியொருவனாய் நின்று பகைவர் படை முழுவதையும் நிலைகுலையச் செய்தான் என்பதே அதன் பொருள். அதற்குப் புலவர் காட்டிய உவமைதான் வியப்புக்குரியது. ஆயர்குலப் பெண்ணொருத்தி, குடம் நிறைந்த பாலிலே தன் நகத்தால் சிறிது உறையைத் தெறிக்கின்றாள். குடமோ பெரிது; உறையோ துளியினும் சிறிது. ஆயினும் அக்குடத்துப் பாலில் எந்தப் பகுதியும் பழையபடி இருப்பதில்லை. அத்துளி உறையைப் போல அவ்விளைஞன் படைக்கு நோயானான் எனப் புலவர் முடிக்கின்றார். நோய் என்ற சொல்லை உறையோடு சேர்த்து ஆண்ட அந்தச் சொன்னயத்தைப் பலமுறை எண்ணியெண்ணி மகிழ்ந்திருக்கின்றேன்.

பிராசீன பாடத்திட்டத்திலே இலக்கணமும் சங்க இலக்கியமும் கற்பிப்பதே என் தொழில். இப்பாட்டை நடத்தும்போது மாணவர் எவரேனும் ஒருவர், துளி உறை குடப்பாலை மாற்றுவது எவ்வாறு என்று கேளாதிருப்பதில்லை. புறநானூற்றின் பழைய உரையோ 266ஆம் பாட்டோடு நின்றுவிட்டது. இருந்திருப்பினும் உரைகாரர் இதற்கு விடை கூறியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. விடை கூறியவர், பிரான்சு தேசத்திலே தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர். அவர் கூறிய ஆண்டு 1857. இன்று கடைகளிலே விற்கும் பாற்பொதிகளிற் பொறிக்கப்பட்டிருக்கும் பெயரும் அவருடையதே. ஆனால் அப்பெயருக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு நம்மவர் நினைப்பதுபோல் நேரானதன்று. அதனாலேயே அவர் வாழ்க்கையைச் சற்று விரித்துரைக்கத் துணிந்தேன்.

லூயி பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் டோல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நெப்போலியன் சேனையில் வீரராயிருந்து விருது பெற்றவர். போர் ஓய்ந்தபின் தோல் பதனிட்டுக் குடும்பத்தைக் காத்தார். குடும்பம் பின்னர் ஆர்புவா என்னும் ஊரிற் குடியேறியது. திராட்சைத் தோட்டங்களும் மதுச் சாடிகளும் நிறைந்த ஊர் அது. சிறுவன் லூயி பள்ளியில் முதல்வனாய் விளங்கவில்லை. சித்திரம் எழுதுவதில் மட்டும் கை தேர்ந்திருந்தான். தாய் தந்தையரையும் அயலவரையும் அவன் எழுதிய வண்ணப் படங்கள் இன்றும் உள்ளன. 1838இல் மேற்படிப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பப்பட்டபோது, வீட்டு நினைவு தாங்காமற் சில வாரங்களிலேயே திரும்பிவிட்டான். தகப்பனாரே சென்று அழைத்து வந்தார் என்பர். 1842இல் பட்டத் தேர்வெழுதியபோது இரசாயனத்தில் அவனுக்குக் கிடைத்தது நடுத்தரமான தேர்ச்சியே. அதே ஆண்டில் பாரிசின் உயர் ஆசிரிய கலாசாலைக்கு நுழைவுத் தேர்வெழுதி இடம் பெற்றும், தான் எடுத்த தானம் தாழ்ந்தது என்று கருதி அதனை ஏற்காது விட்டு, மறு ஆண்டு மீண்டும் எழுதி நான்காவதாய்த் தேறினான். பிடிவாதம் அவருடன் பிறந்தது. அதன் நன்மையையும் தீமையையும் பின்னர்க் காண்போம்.

1848இல், 25 வயதிலே, தாத்தாரிக்கமிலத்தின் உப்புப் பளிங்குகளை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, வலக்கை இடக்கை போல ஒன்றுக்கொன்று எதிர்வடிவான இருவகைப் பளிங்குகள் அவற்றிலிருப்பதைக் கண்டு, ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் பிரித்தார். கண்ணும் கையும் சித்திரத்திற் பழகியிருந்தமையே இதற்கு உதவியது என்று நினைக்கத் தோன்றுகின்றது. அடுத்த ஆண்டு ஸ்திராஸ்பூர்க் நகரிலே பேராசிரியரானார்; அந்நகர்ப் பல்கலைக்கழகத் தலைவரின் மகளான மரீ லோறான் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் கணவர் சொல்லச் சொல்ல எழுதுவார், குறிப்பேடுகளைப் படியெடுப்பார், அவருடைய பேசா நாட்களைப் பொறுத்துக்கொள்வார். பாஸ்டரின் வரலாறு எழுதுவோர் இவரை இரண்டு வரிகளிற் கடந்துவிடுதல் நியாயமன்று.

1854இல் வடக்கே லீல் நகரின் விஞ்ஞான பீடத்துக்குத் தலைவராய்ச் சென்றார். அது ஆலைகள் மலிந்த நகர். 1856இல் பீகோ என்னும் ஆலை முதலாளி ஒருவர் அவரை நாடி வந்தார். பீற்றூட் கிழங்கின் சாற்றிலிருந்து மதுசாரம் வடிப்பது அவர் தொழில். தொட்டிகள் சில நன்றாய் நொதிக்கின்றன, சில புளித்துக் கெடுகின்றன, காரணம் தெரியவில்லை. பாஸ்டர் நாள்தோறும் ஆலைக்குச் சென்று தொட்டிகளிலிருந்து துளித்துளியாய் எடுத்துவந்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். நன்றாய் நொதிக்கும் தொட்டியிலே மதுவத்தின் உருண்டை வடிவான மணிகள் காணப்பட்டன. கெடத் தொடங்கிய தொட்டியிலே அவை நீண்டு தோன்றின. முற்றிலும் புளித்த தொட்டியிலோ வேறு வகை உருக்கள் நிறைந்திருந்தன. இதனால் நிகழ்ந்தது என்ன? நாக்குக்கும் மூக்குக்கும் கேடு தெரியும் முன்னரே, எந்தத் தொட்டி கெடப்போகின்றது என்பதைக் கண்ணாடியின்கீழ் ஒரு துளியைப் பார்த்து ஆலையினர் சொல்லக்கூடியவரானார்கள். கெட்டபின் வருந்துவதற்கும் கெடுமுன் அறிவதற்கும் உள்ள தூரம் சிறிதன்று. உணவின் தரத்தை அதிலுள்ள நுண்ணங்கிகளின் நிலையைக்கொண்டு முன்கூட்டி மதிப்பிடும் இன்றைய கலைக்கு இங்கேயே வித்து விழுந்தது என்பது என் கருத்து.

அங்கிருந்து அவர் பாலின் புளிப்புக்கு வந்தார். பால் புளிப்பதற்குக் காரணமான இலத்திக்கமிலம் எவ்வாறு உண்டாகின்றது? அக்காலத்துப் பெரும் இரசாயன அறிஞரான சேர்மனியின் லீபிக், நொதித்தல் என்பது அழியும் பொருளொன்றின் அசைவினால் விளையும் இரசாயன மாற்றமே, உயிருக்கு அதில் இடமில்லை என்று கற்பித்து வந்தார். பாஸ்டரோ புளிக்கும் திரவத்தின் அடியிலே சாம்பல் நிறமாய்ப் படியும் மெல்லிய படிவைக் கவனித்தார். அதில் ஓர் அணுவளவை எடுத்து, சர்க்கரையும் மதுவச் சாறும் சுண்ணக்கட்டித் தூளும் கலந்த தெளிந்த நீரிலே இட்டார். அந்நீர் விரைவிலே புளிப்பேறி, அதே சாம்பல் நிறப் படிவு அடியிற் பெருகியது. அதிலிருந்து ஓர் அணுவை எடுத்து வேறொரு குடுவையில் இட, அங்கும் அதுவே நிகழ்ந்தது. பெருகுவது உயிருள்ளது. மதுவத்தின் மணிகளிலும் மிகச் சிறியதான வேறோர் உயிர் இது என்று அவர் துணிந்தார். 1857 ஓகஸ்டு மாதத்தில் லீல் நகரின் அறிஞர் சபை ஒன்றிலே இதனைப் படித்தார். சில பக்கங்களே கொண்ட கட்டுரை. ஆயினும் நுண்ணுயிரியல் என்னும் துறை இதிலிருந்து பிறந்தது என்று மதிப்போர் பலர். ஆய்மகள் நகத்தால் தெறித்தது உயிர் என்பது அன்று தெளிந்தது.

இவ்விடத்து நம்மூர்ச் செய்தி ஒன்று கூறாதிருக்க இயலவில்லை. பனையிலிருந்து இறக்கும் பதநீரை நாம் கருப்பநீர் என்போம். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் இறங்குவது கருப்பநீர். பூசாது கட்டினால் இறங்குவது கள். ஒரே பனை, ஒரே பாளை, ஒரே இரவு. சுண்ணாம்பின் காரம் நுண்ணங்கிகளைப் பெருகவொட்டாது தடுக்கின்றது; அதனால் இனிப்பு இனிப்பாகவே நின்று பனங்கட்டியாகின்றது. பாஸ்டர் தம் குடுவையிற் சேர்த்த சுண்ணக்கட்டியோ காரம் மெல்லியது. புளிப்பை அவ்வப்போது தணித்து, உறையுயிர் தன் புளிப்பாலேயே தான் தளர்ந்துபோகாமல் மேலும் பெருக இடங்கொடுப்பது. ஒன்று தடுக்கும், ஒன்று வளர்க்கும். எவ்வளவு இட்டால் எது நிகழும் என்பதை நம் சீவல் தொழிலாளர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அவர்களுக்கு நுணுக்குக்காட்டி இல்லை, அவ்வளவே.

1857இன் இறுதியிற் பாஸ்டர் பாரிசுக்குத் திரும்பித் தாம் பயின்ற கலாசாலையிலேயே பணியேற்றார். ஆய்வுக்கு இடமில்லாமல் மேன்மாடத்துப் பரணையே கூடமாக்கிக்கொண்டார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நம் மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழ் மாணவருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பிக்கும் பெருமுயற்சியில் இருந்தார். கிறீன் பிறந்ததும் 1822ஆம் ஆண்டே. வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் காரணமான உயிர்கள் எவை என்று உலகிலே ஒருவருக்கும் தெளிவாகத் தெரியாத காலத்தில், ஒருவர் நோயாளர் நடுவிலும் மற்றொருவர் குடுவைகளின் நடுவிலும் உழைத்துக்கொண்டிருந்தனர். இருவரும் சந்தித்ததில்லை. கிறீன் 1873இல் ஊர் திரும்பி, 1884இற் காலமானார்.

பரணில் நிகழ்ந்த ஆய்வுகளுள் ஒன்று உயிர் தானே தோன்றுமா என்னும் பழைய வழக்கைத் தீர்த்தது. ஊன் சாற்றைக் கொதிக்கவைத்து வைத்தால் சில நாளிற் கெடுகின்றது. எனவே உயிர் சடத்திலிருந்து தானே தோன்றுகின்றது என்பது பூசே என்னும் அறிஞரின் கட்சி. பாஸ்டர் அன்னத்தின் கழுத்துப் போல வளைந்து நீண்ட குழாயுள்ள குடுவைகளைச் செய்வித்தார். காற்று உள்ளே செல்லும்; தூசியோ வளைவிலே தங்கிவிடும். அத்தகைய குடுவையிற் கொதித்த சாறு மாதக்கணக்கிற் கெடாது தெளிந்திருந்தது. கழுத்தை முறித்தாலோ சில நாளிற் கெட்டது. 1860இல் மூடிய குடுவைகளைக் கோவேறு கழுதைமேல் ஏற்றி ஆல்ப்சு மலையின் பனியாற்றுக்கே கொண்டுசென்று, தூசியற்ற உயரக் காற்றிலே திறந்து பார்த்தார். 1862இல் விஞ்ஞான சபை இதற்குப் பரிசளித்தது. பூசே உடனே ஒப்பவில்லை. வழக்கு இன்னும் சில ஆண்டு நீண்டது.

இனி அவர் வீட்டைப் பார்ப்போம். மக்கள் ஐவர், பெண் நால்வர், ஆண் ஒருவன். 1859 செப்டெம்பரில், மூத்தவள் ஜான், ஆர்புவாவிலே பாட்டனார் வீட்டிலிருந்தபோது, ஒன்பது வயதில் நெருப்புக் காய்ச்சலால் இறந்தாள். 1865 யூனில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் இரண்டு வயதுக் குழந்தை கமீல் வயிற்றில் உண்டான கட்டியினால் இறந்தது. 1866இல் பாஸ்டர் தெற்கே பட்டுப்பூச்சி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் வந்துகொண்டிருந்த மனைவியாரும் மக்களும் ஷாம்பேரி என்னும் ஊரிலே தங்க நேர்ந்தது. அங்கே பன்னிரண்டு வயதுச் செசீலுக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. தந்தை ஓடிவந்து பார்த்தார். தேறிவருகின்றாள் என்று நம்பித் தம் பணிக்குத் திரும்பினார். மே மாதத்திலே அவளும் போனாள்.

நெருப்புக் காய்ச்சல் என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் வேண்டியதில்லை. கிணற்று நீரையும் மலத்தையும் அடுத்தடுத்து வைத்து வாழும் நெருக்கமான ஊர்களில் அதன் பெயரைக் கேட்டாலே தாய்மார் நடுங்கிய காலத்தை நம் முதியோர் அறிவர். அந்நோயின் கிருமியை ஏபெர்த் என்பார் 1880இலேயே கண்டார். அது நீரின்வழி பரவும், பாலின்வழியும் பரவும். நீர் கலந்த பாலும், கழுவாத கையாற் கறந்த பாலும் அதனை ஏந்திச் செல்லும். ஜானும் செசீலும் எதனால் அந்நோயைக் கொண்டனர் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. தன் மகள் படுத்த கட்டிலருகே நின்றபோது, தான் லீல் நகரத்துத் தொட்டிகளிற் கண்டதைப் போன்ற ஏதோவோர் உயிர் இவ்வுடலிலும் பெருகுகின்றதோ என்று அத்தந்தை எண்ணியிருப்பாரா? நான் அறியேன். பிற்காலத்திலே அவர் கைகுலுக்குவதை வெறுத்ததும், உண்ணுமுன் தட்டையும் கரண்டியையும் துடைத்துத் துடைத்துப் பார்த்ததும், பாணைப் பிய்த்துத் துருவி ஆராய்ந்ததும் அவர் நண்பர்க்கு வேடிக்கையாயிருந்தன. எனக்கு அவை வேடிக்கையாய்த் தோன்றவில்லை.

சூடாக்கிக் காத்தல் பாலிலன்றி மதுவிலே தொடங்கியது. பிரான்சின் திராட்சை மது கப்பலேறி அயல்நாடு சேருமுன் புளித்தும் கசந்தும் போவதால் வணிகம் கெட்டது. மூன்றாம் நெப்போலியன் மன்னர் 1863இல் அதனை ஆராயுமாறு வேண்ட, பாஸ்டர் ஆர்புவாவுக்கே சென்று, சிற்றுண்டிச் சாலை ஒன்றின் பின்புறத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். கெட்ட மது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை நுண்ணங்கி இருந்தது. எது புளிக்கும், எது கசக்கும், எது நூலிழைக்கும் என்பதைச் சுவைத்துப் பாராமல், நுணுக்குக்காட்டியிலே பார்த்தே அவர் கூறியமை மதுச் சுவைஞரை வியக்கவைத்தது. பின்பு மருந்துகள் பலவும் இட்டுப் பார்த்துக் கைவிட்டு, மூடிய போத்தலைச் சில நேரம் 50 முதல் 60 சதம பாகை வரை சூடாக்கினாற் போதும் எனக் கண்டார். கொதிக்கவைத்தால் மது மதுவாயிராது, சூடாக்காவிடின் கெடும், இரண்டுக்கும் நடுவே ஒரு வெப்பநிலை உண்டு. 1865இல் இதற்கு உரிமைப் பத்திரம் எடுத்தும், பொருளீட்டாது பொதுவுக்கு விட்டார். மூடிய கலத்திற் சூடாக்கி உணவைக் காக்கும் முறையை அவருக்கு முன்னரே அப்பேர் என்பவர் கையாண்டு 1810இல் நூலும் வெளியிட்டிருந்தார். பாஸ்டர் அதனை மறைக்கவில்லை. அப்பேர் செய்தது கைத்திறன். பாஸ்டர் கூறியது காரணம்.

1868 ஒக்டோபரிலே, நாற்பத்தாறு வயது நிறையுமுன், பாரிசவாதம் தாக்கி இடப்புறம் முடங்கியது. இறந்துவிடுவார் என்று கருதி, அவருக்கெனக் கட்டத் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் வேலையையே நிறுத்திவிட்டனர். அவர் இறக்கவில்லை. இடக்கை விறைத்தும் கால் இழுத்தும் இன்னும் இருபத்தேழாண்டு வாழ்ந்தார். புகழ்மிக்க செயல்கள் பலவும் அதன் பின்னரே நிகழ்ந்தன. 1870இற் சேர்மனியோடு போர் மூண்டது. மறு ஆண்டு தைமாதக் கடுங்குளிரிலே, தோற்றோடும் சேனையின் நடுவே, பழைய வண்டியொன்றில் மனைவியாருடன் ஊரூராய்ச் சென்று போர்வீரனான தம் ஒரே மகனைத் தேடிக் கண்டுபிடித்தார். பொன் பல்கலைக்கழகம் முன்னர் அளித்த கௌரவப் பட்டத்தைத் திருப்பியனுப்பினார். போர் முடிந்தபின் இலண்டன் சென்று பெரிய மதுச்சாலை ஒன்றின் மதுவத்தை நுணுக்குக்காட்டியிற் பார்த்து, இந்தத் தொட்டி நன்றன்று, அது நன்று என்று கூற, அச்சாலையார் தாமும் ஒரு நுணுக்குக்காட்டி வாங்கினர். 1876இற் பியர் பற்றிய அவர் நூல் வெளிவந்தது.

அடைப்பான் நோய், கோழிகளின் வாந்திபேதி, விசர்நாய்க்கடி என்று பின்னாளில் அவர் கைவைத்தவற்றைப் பள்ளிப் புத்தகங்கள் நன்றாகவே கூறுகின்றன. நான் விரைந்து செல்கின்றேன். ஒன்றில் மட்டும் நிற்கவேண்டும். 1881இல் பூயி-லெ-ஃபோர் என்னும் பண்ணையில் ஊரார் முன்னிலையிலே ஆடுகள் சிலவற்றுக்குத் தடுப்பூசி இட்டு, சிலவற்றுக்கு இடாது, எல்லாவற்றுக்கும் அடைப்பான் கிருமியைச் செலுத்தினார். யூன் 2ஆம் நாள் பார்த்தபோது ஊசியிட்ட ஆடுகள் நின்றன. இடாதவை இறந்து கிடந்தன, அல்லது இறந்துகொண்டிருந்தன. உலகம் அவரை வியந்தது. ஆனால் அத்தடுப்பு மருந்து, தாம் எங்கும் கூறிவந்தபடி காற்றினால் வலுக்குறைத்ததன்று. உதவியாளர் ஷாம்பர்லான் இரசாயனப் பொருளிட்டு ஆக்கியது. அம்முறையோ அவருடைய போட்டியாளர் துசேன் வகுத்த வழியை ஒத்தது. இதனைப் பாஸ்டர் வெளியிடவில்லை. அவர் குறிப்பேடுகள் 1970களில் ஆய்வாளர் கைக்கு எட்டியபின்னரே இது தெளிவாயிற்று. நுழைவுத் தேர்விலே நான்காம் தானம் பெறும்வரை ஓயாத பிடிவாதம் இங்கே வேறு முகம் காட்டுகின்றது. ஆடுகள் பிழைத்தது மெய். மருந்து பயன்பட்டது மெய். ஆயினும் துசேனுக்குரிய புகழ் துசேனுக்குக் கிடைக்கவில்லை என்பதும் மெய். பெரியோர் வரலாறு எழுதும்போது இதனை விட்டுவிடுவது முறையன்று என்று கருதுகின்றேன்.

1885 யூலை 6ஆம் நாள் விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசப் மைஸ்டரைத் தாய் அழைத்துவந்தாள். ஊசிகள் இடப்பட்டன, சிறுவன் பிழைத்தான். அதன்பின் பல நாட்டு மக்களின் நன்கொடையால் 1888 நவம்பரிற் பாரிசில் அவர் பெயரால் நிலையம் திறக்கப்பட்டது. 1907இல் நீலகிரியிலே குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியது.

பாலுக்கு வருவோம். பாலைச் சூடாக்கிப் பாதுகாக்க வேண்டும் என்பதைப் பெரிதாய் எடுத்து நடத்தியவர் பாஸ்டர் அல்லர். 1886இல் சேர்மனியின் சொக்ஸ்லெற் என்னும் இரசாயன அறிஞர், குழந்தைகளுக்குப் போத்தலில் ஊட்டும் பாலைச் சூடாக்கிக் கொடுக்கும் முறையை வகுத்தார். 1893இல் நியூயோர்க்கிலே நாதன் ஸ்திராஸ் என்னும் வணிகர், ஏழைக் குழந்தைகளுக்காகச் சூடாக்கிய பாலை வழங்கும் நிலையங்களைத் தம் செலவிலே திறந்தார். நகரத்துப் பச்சைப் பாலினாற் கயரோகமும் வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் குழந்தைகளைக் கொண்டுபோன காலம் அது. சூடாக்கினாற் சத்துப் போகும் என்று வாதிட்டோர் பலர். பால் வணிகரும் எதிர்த்தனர். ஈற்றில் 63 பாகையில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 செக்கன் என்னும் அளவுகள் நிலைபெற்றன. முறை மதுவிலே பிறந்ததாயினும் பெயர் அவருடையதாகவே வழங்கியது. நம் தாய்மாரோ பால் பொங்கி எழும்வரை காய்ச்சாமல் எவருக்கும் கொடுப்பதில்லை; அவ்வழக்கம் எத்தனை குழந்தைகளைக் காத்ததென்று கணக்கெடுத்தோர் இலர்.

சூடாக்கிய பாலிலும் சில உயிர் எஞ்சும். பின்பு புதியனவும் வந்து சேரும். ஆகவே கேள்வி மாறுகின்றது: எஞ்சியவை எவ்வளவு நேரத்தில் எவ்வளவாய்ப் பெருகும்? எண்சுவடி படித்தோர் இதனை எளிதில் அறிவர். ஓர் உயிர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகின்றதென்று கொள்க. மாலை ஆறு மணிக்கு ஒன்றாயிருந்தது அதிகாலை நான்கு மணிக்குள் முப்பது முறை இரட்டித்து 107 கோடியைத் தாண்டும். அதே பாலைக் குளிரவைத்து, இரட்டிக்க ஐந்து மணி நேரம் எடுக்கும்படி செய்தால், அந்நேரத்தில் ஒன்று நான்காகவே ஆகும். நண்பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும் யாழ்ப்பாணத்திலே காலையிற் கறந்த பாலைத் துவிச்சக்கர வண்டியில் வைத்து வெயிலில் அலைவோருக்கு இக்கணக்கு ஏட்டுக் கணக்கன்று. ஒரு நாள் உழைப்பு கவிழ்வதும் நிற்பதும் அதிலேயே இருக்கின்றது. பாற்சாலைகளிற் கையாளப்பட்டு வந்த பழைய சோதனை ஒன்றுண்டு. பாலிலே சிறிது மெதிலீன் நீலத்தைக் கலந்து உடற்சூட்டளவில் வைப்பார்கள். நுண்ணங்கி மிகுந்த பாலில் நீலம் விரைந்து மறையும். குறைந்த பாலில் நெடுநேரம் நிற்கும். அரைமணிக்குள் வெளுத்தால் அப்பால் ஆகாது. ஐந்து மணிக்கு மேலும் நீலமாயிருந்தால் மிக நன்று. நிறம் மறையும் நேரத்தைக்கொண்டே உயிர்களின் தொகையை ஊகித்தல் எவ்வளவு நயமான வழி!

1982இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மானியத் தீவிலே ரற்கோவ்ஸ்கி முதலிய அறிஞர் நால்வர், வெப்பநிலை ஏறும்போது நுண்ணங்கிகளின் பெருக்க வேகம் எவ்வாறு ஏறும் என்பதற்கு ஓர் எளிய சூத்திரம் கண்டனர்: வேகத்தின் வர்க்கமூலத்தை எடுத்தால், அது வெப்பநிலையோடு நேர்கோடாய் ஏறுகின்றது. குளிரின் கீழெல்லையிலும் வெப்பத்தின் மேலெல்லையிலும் மட்டும் கோடு வளையும். இத்தகைய சூத்திரங்களைக்கொண்டு, பால் எத்தனை நாள் நிற்கும், பாற்கட்டி எவ்வளவு நாள் ஆபத்தின்றி உண்ணத்தக்கது என்பதைக் கணினியில் முன்னறிந்து, பொதியிலே திகதி பொறிக்கின்றார்கள். குளிரூட்டியிலும் மெல்ல வளரும் லிஸ்தீரியா போன்ற கிருமிகளும் உண்டாதலால், குளிரில் வைத்ததெல்லாம் நலம் என்று இருக்க முடியாது. தயிருக்கோ வேறு நியாயம். அங்கே உறையுயிர் விரைந்து பெருகிப் புளிப்பை ஆக்கி, அப்புளிப்பாலேயே தீய கிருமிகள் பலவற்றைப் பெருகவொட்டாது அடக்குகின்றது. முந்திக்கொண்டது எது என்பதே அங்கு வினா. புறநானூற்று இளைஞன் தனியனாயினும் முந்திக்கொண்டவன் அன்றோ.

பாஸ்டர் இவற்றுட் பலவற்றைக் காணவில்லை. 1892 டிசெம்பரில் எழுபதாம் பிறந்தநாள் விழாவுக்கு அவரைக் கைத்தாங்கலாய் அழைத்துச் சென்றனர். அவர் உரையை மகன் படித்தார். 1895 செப்டெம்பர் 28ஆம் நாள் பாரிசுக்கு அண்மையிலே ஒரு கிராமத்தில் மனைவியார் அருகிருக்க உயிர் நீத்தார். பின்னர் அவருடல் அவர் நிலையத்தின் அடியிலே கட்டிய நிலவறையில் வைக்கப்பட்டது. அதன் கூரையிலும் சுவரிலும் திராட்சைக் கொடியும் முசுக்கட்டை இலையும் ஆடும் கோழியும் நாயும் நிறக்கற்களாற் பதிக்கப்பட்டுள்ளன. விசர்நாயினின்று பிழைத்த யோசப் மைஸ்டர் வளர்ந்து அந்நிலையத்திலேயே காவலராயிருந்தார். மரீ அம்மையார் கணவர்க்குப் பின் பதினைந்தாண்டு வாழ்ந்து, 1910இல் மறைந்து, அதே நிலவறையில் அவர் பக்கத்திலே அடக்கம் செய்யப்பட்டார்.